சம்பளமா, நோயாளியின் பாதுகாப்பா? செவிலியர் போராட்டங்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு

2022 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகிய மூன்று பகுதிகளிலும் அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். அழைப்பு விடுத்தது பிரிட்டன் செவிலியர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங். 1916-ல் தொடங்கிய அந்த அமைப்பு, இந்த அளவுக்குப் பெரிய வேலைநிறுத்தத்தை அதுவரை நடத்தியதே இல்லை. அதன் முதல் கோரிக்கை சம்பள உயர்வு. ஆனால் கையில் பிடித்திருந்த அட்டைகளில் பல நோயாளிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசின.

செய்தி படிப்பவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். "கேட்பது பணம், காட்டுவது நோயாளியையா?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. "எங்களுக்காக அல்ல, உங்களுக்காகத்தான்" என்கிறது மறுதரப்பு. எந்த நாட்டில் செவிலியர் போராட்டம் நடந்தாலும் இதே வாக்குவாதம்தான். இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு எண் இருக்கிறது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகள்? அந்த எண் எப்படி வேலை செய்கிறது, அதை எப்படி எண்ணுகிறார்கள், எப்படி மறைக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதலில், செவிலியர் செய்யும் வேலை எது?

ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, பிபி பார்ப்பது, கட்டு மாற்றுவது. கண்ணுக்குத் தெரியும் வேலைகள் இவை. கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கண்காணிப்பு.

வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் இரவில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாலையில் அவர் நிமிடத்துக்கு 16 முறை மூச்சு விட்டார். இரவு பதினொரு மணிக்கு 20. இரண்டு மணிக்கு 24. பிபி இன்னும் இறங்கவில்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. ஆனால் ஆள் ஒருமாதிரி இருக்கிறார். போர்வையை இழுத்து இழுத்து விடுகிறார், கேட்ட கேள்விக்குப் பொருந்தாமல் பதில் சொல்கிறார். மாலையிலும் அவரைப் பார்த்திருந்த செவிலியருக்கு உடனே பொறி தட்டும். உள்ளே கிருமித்தொற்று பரவத் தொடங்கியிருக்கலாம், அல்லது தையல் விட்டுப்போயிருக்கலாம். டாக்டரை எழுப்புவார். விடியும்வரை யாரும் பார்க்காமல் விட்டிருந்தால், அதே நோயாளி காலை ஆறு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருப்பார், அல்லது அதற்கும் நேரம் இருந்திருக்காது.

மருத்துவமனை ஆய்வுகளில் இதற்கென்று ஓர் அளவுகோலே உண்டு: 'காப்பாற்றத் தவறுதல்'. 1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை முன்வைத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிக்கல் வருவது பெரும்பாலும் நோயாளியின் வயது, உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. ஆனால் சிக்கல் வந்தபின் அவர் பிழைப்பாரா என்பதில் மருத்துவமனையின் பங்கு பெரிது. யாராவது நேரத்தோடு கவனித்தார்களா என்பதுதான் அதில் முதல் கேள்வி. இரவு இரண்டு மணிக்கு வார்டில் அந்த 'யாராவது' செவிலியர் மட்டுமே.

720 நிமிடக் கணக்கு

ஒரு வார்டில் 24 நோயாளிகள், இரவுப் பணியில் 3 செவிலியர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 8 பேர். 12 மணி நேர ஷிப்ட் என்றால் 720 நிமிடங்கள். கீழே உள்ளது உத்தேசக் கணக்குதான். வார்டுக்கு வார்டு மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

1. முந்தைய ஷிப்டிடம் பொறுப்பை வாங்குவது, அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பது: 60 நிமிடம். சாப்பாடும் ஓய்வும்: 45. அவசர மருந்து வண்டியைச் சரிபார்ப்பது, பூட்டி வைக்கும் மருந்துகளை எண்ணுவது, தொலைபேசி, ஸ்டோர், லேப்: 60. இவை போக மீதி 555.

2. 555-ஐ எட்டால் வகுத்தால் ஒரு நோயாளிக்குச் சுமார் 69 நிமிடம். ஒரு முழு இரவுக்கு.

3. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, பிபி, மூச்சு, வெப்பம் பார்க்க: மூன்று முறைக்கு 21 நிமிடம். மூன்று வேளை மருந்தும் ஊசியும்: 24. பதிவேட்டில் எழுத: 12. ஆக 57 நிமிடம் கட்டாயச் செலவு.

4. மிச்சம் 12 நிமிடம்.

அந்த 12 நிமிடத்துக்குள்தான் மற்ற எல்லாம். வலி என்று கூப்பிட்டால் போவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, ட்ரிப்ஸ் நின்றுபோனால் பார்ப்பது, பயந்து உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது. ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகரக்கூடாது. அந்த ஒரு விதியிலேயே அவருக்கான மீதி நேரம் தீர்ந்து கடனாகிவிடுகிறது. புரள முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். ஆறு முறை, முறைக்கு ஐந்து நிமிடம், இரண்டு பேர் என்றால் 60 செவிலியர் நிமிடங்கள். ஒரே ஒரு படுத்த படுக்கை நோயாளி, ஐந்து பேருடைய உபரி நேரத்தை விழுங்கிவிடுகிறார். நள்ளிரவில் புதிதாக ஒருவர் அட்மிட் ஆனால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை.

இனி எண்ணை மாற்றிப் பார்ப்போம். எட்டுக்குப் பதில் நான்கு பேர் என்றால் ஒருவருக்கு 139 நிமிடம். கட்டாயச் செலவு அதே 57. மீதி 82. நோயாளிகள் பாதியானபோது மீதி நேரம் இரண்டு மடங்காகவில்லை, ஆறரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. எதிர்த்திசையில் பாருங்கள்: எட்டு ஒன்பதானால் மீதி ஐந்து நிமிடம்கூட இல்லை. "ஒரே ஒரு நோயாளிதானே கூடுதல்" என்று நிர்வாகம் சொல்வதும், அந்த ஒன்றுக்கே செவிலியர்கள் கொதிப்பதும் ஏன் என்பதற்கு இந்தக் கழித்தல் கணக்குதான் விளக்கம். கூடுதல் ஆள் தின்பது கட்டாய வேலைக்கான நேரத்தை அல்ல, மிச்ச நேரத்தை.

நேரம் போதாதபோது எது விடுபடும்?

மருந்து விடுபடாது. பதிவேட்டில் கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும். கேள்வி வராத வேலைகள்தான் முதலில் போகும். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு 'விடுபட்ட பராமரிப்பு' என்று பெயரிட்டுப் பட்டியலும் கொடுத்தது: நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, வீட்டுக்குப் போனபின் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, ஆறுதலாகப் பேசுவது, உடல் சுத்தம், உள்ளே போன நீரும் வெளியே வந்த சிறுநீரும் எவ்வளவு என்று அளப்பது, கண்காணிப்பு.

கண்காணிப்பைத் தவிர இவற்றில் எதுவும் அன்றிரவே ஆளைக் கொல்லாது. நடக்கவைக்காத காலில் நான்காம் நாள் ரத்தம் உறைகிறது. புரட்டாத முதுகில் படுக்கைப் புண் வருகிறது. சொல்லிக்கொடுக்காமல் அனுப்பிய நோயாளி பத்தாம் நாள் திரும்பி வந்து படுக்கிறார். விளைவு வேறொரு ஷிப்டில், வேறொருவர் கணக்கில் எழுதப்படும். ஆள் பற்றாக்குறையின் மிகப் பெரிய வசதி இதுதான்: அதன் பில் உடனே வருவதில்லை.

ஆய்வுகள் சொல்வது

மேலே சொன்னது தர்க்கம். இதற்கு ஆதாரம் உண்டா?

2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை வைத்துச் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் செய்த ஆய்வுதான் இந்த விவாதத்தின் திருப்புமுனை. ஒரு செவிலியருக்கு நோயாளி ஒருவர் கூடும் ஒவ்வொரு முறையும், அறுவைச் சிகிச்சை முடிந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. நான்கு எட்டானால் 31 சதவீதம். 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோதும் அதே 7 சதவீதம் வந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு வரம்பு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இவை ஏற்கனவே நடந்ததைப் பார்த்து ஒப்பிட்டவை. செவிலியர் அதிகம் உள்ள மருத்துவமனையில் நல்ல கருவிகள், நல்ல நிர்வாகம், வசதியான நோயாளிகள் எல்லாமே சேர்ந்து இருக்கலாம். எது எதனால் என்று பிரிப்பது கடினம். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் முக்கியமாகிறது. 2016-ல் அங்கே சில அரசு மருத்துவமனைகளில் மட்டும் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற விகிதம் கட்டாயமானது, மற்றவற்றில் ஆகவில்லை. முன்னும் பின்னும் இரண்டு குழுக்களையும் ஒப்பிட முடிந்தது. 2021-ல் வெளியான முடிவின்படி, விகிதம் வந்த இடங்களில் மரண வாய்ப்பு குறைந்தது. வராத இடங்களில் குறையவில்லை. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதாலும் மீண்டும் வந்து சேர்வது தவிர்க்கப்பட்டதாலும் மிச்சமான தொகை, கூடுதல் செவிலியர்களுக்கான செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

எண்ணுவதில் நடக்கும் வித்தைகள்

"எங்கள் மருத்துவமனையில் போதுமான செவிலியர்கள் இருக்கிறார்கள்" என்ற அறிக்கை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எண்ணும் முறையே போதும்.

1. பதவியும் ஆளும். ஒரு கட்டிலருகே 24 மணி நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்றால் எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்? பலர் மூன்று என்பார்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் உழைப்பவர், விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்து ஆறு வாரம் போனால், ஆண்டுக்கு 1,840 மணி நேரம் கிடைப்பார். வகுத்துப் பார்த்தால் 4.76. கிட்டத்தட்ட ஐந்து பேர். ஆக "150 செவிலியர்கள்" என்று பெருமையாகச் சொல்லும் மருத்துவமனையில், எந்த நேரமும் பணியில் இருப்பவர்கள் 31 பேர்தான். அதிலும் அலுவலக வேலையில் இருப்பவர்களைக் கழிக்க வேண்டும்.

2. சராசரி. பகலையும் இரவையும், தீவிர சிகிச்சைப் பிரிவையும் பொது வார்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அழகான எண் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவருக்கு ஒருவர், பொது வார்டில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்றிருந்தாலும் தாளில் எல்லாம் சுமுகமாகத் தெரியும்.

3. நள்ளிரவுத் தலையெண்ணிக்கை. பல இடங்களில் நோயாளிகளை நள்ளிரவில் எண்ணுவார்கள். பகலில் ஒரே கட்டிலில் காலையில் ஒருவர் டிஸ்சார்ஜ், மதியம் ஒருவர் அட்மிஷன் என்று இருவர் வந்துபோனாலும் கணக்கில் ஒருவர்தான். செவிலியருக்கு அதிக வேலை வைப்பதே இந்த வருகையும் போக்கும்தான்.

4. யாரைச் செவிலியர் என்று எண்ணுவது? பதிவுபெற்ற செவிலியர், குறுகிய பயிற்சி பெற்ற உதவியாளர், மாணவிகள், வார்டை மேற்பார்வை செய்யும் ஹெட் நர்ஸ் எல்லோரையும் ஒரே கூட்டலில் போட்டுவிடலாம். மாணவி கற்க வந்தவர். அவரைக் கவனிக்கவே ஒரு செவிலியரின் நேரம் வேண்டும். உதவியாளர் இல்லாமல் வார்டு ஓடாது என்பது உண்மை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு 24 என்ற மூச்சு எண்ணிக்கையைப் பார்த்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பயிற்சி அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

5. நோயின் கனம். எட்டு நோயாளி என்றால் எந்த எட்டு? நாளை வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் எட்டுப் பேரும், மூச்சுக் குழாயோடு கிடக்கும் எட்டுப் பேரும் ஒன்றல்ல. மருத்துவமனைகளில் தங்கும் நாள்கள் குறையக் குறைய, இலகுவான நோயாளிகள் சீக்கிரம் வெளியேறிவிடுகிறார்கள். கட்டில்களில் மிஞ்சுவது கனமானவர்கள். அதே 1:8 இருபது வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இன்று கூடுதல் சுமை.

சட்டம் போட்ட இடங்கள்

கலிபோர்னியா 1999-ல் சட்டம் இயற்றியது. 2004-ல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 1:2, அவசரப் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் 1:4, பொது மருத்துவ, அறுவைச் சிகிச்சை வார்டுகளில் முதலில் 1:6, பிறகு 1:5. அந்த ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கும் கட்டத்தில் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகரின் நிர்வாகம் அதைத் தள்ளிவைக்கப் பார்த்தது. செவிலியர் சங்கம் நீதிமன்றம் போய்த் தடுத்தது. சட்டத்தைவிடச் சுவாரசியமானது விதிமுறையில் உள்ள ஒரு சொற்றொடர்: 'எல்லா நேரத்திலும்'. ஒருவர் சாப்பிடப் போனால் அவருடைய நோயாளிகளைப் பக்கத்துச் செவிலியரிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த அரை மணி நேரத்தில் விகிதம் உடைந்துவிடும். சாப்பாட்டு வேளைக்கென்றே மாற்றுச் செவிலியர் தேவைப்பட்டது. மருத்துவமனைகள் எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றன.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் நடைமுறையில் இன்னும் முந்தியது. 2000-ல் தொழில் தகராறுத் தீர்ப்பு வழியாக விகிதம் வந்தது. 2011-12-ல் அரசு அதைத் தளர்த்த முயன்றபோது பெரிய போராட்டம் நடந்தது. 2015-ல்தான் சட்டமானது. பெரிய மருத்துவமனைகளின் பொது வார்டில் பகலில் நால்வருக்கு ஒருவர், இவர்களுக்கு மேல் பொறுப்பாளர் ஒருவர். இரவில் எட்டுப் பேருக்கு ஒருவர். ஒப்பந்தத்தில் வாங்கியது அடுத்த ஒப்பந்தத்தில் பறிபோகலாம் என்பதைச் சங்கம் பட்டுத் தெரிந்துகொண்ட கதை அது.

வேல்ஸ் 2016-ல் வேறு பாதையில் போனது. எண்ணைச் சட்டத்தில் எழுதவில்லை. நோயின் கனம், செவிலியர் கவனிப்பைக் காட்டும் தரக் குறியீடுகள், தொழில் அனுபவத்தில் வரும் மதிப்பீடு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு வார்டுக்கும் தேவையைக் கணக்கிட்டு, அதைக் காப்பாற்ற எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும் என்று கடமை மட்டும் விதித்தது. வளைந்து கொடுக்கும் முறைதான். 'நியாயமான முயற்சி' என்பதும் நன்றாகவே வளைந்து கொடுக்கும் சொல்.

எல்லா இடத்திலும் இது வெற்றி பெறவில்லை. 2018-ல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்கெடுப்பில் விகிதச் சட்டம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. எதிர்வாதங்கள் மூன்று. செவிலியரே கிடைக்காதபோது சட்டம் போட்டால் கட்டில்களை மூட வேண்டி வரும். சிறிய மருத்துவமனைகள் செலவு தாங்காது. நிலையான எண் வார்டின் நெளிவு சுளிவுக்குப் பொருந்தாது. மூன்றாவதில் உண்மை உண்டு. ஆனால் அது கூட்டுவதற்கான வாதமே தவிரக் குறைப்பதற்கானதல்ல, ஏனெனில் இந்தச் சட்டங்களில் எழுதியிருப்பது குறைந்தபட்சம். இரண்டாவதற்குக் குயின்ஸ்லாந்துக் கணக்கு ஓரளவு பதில். முதலாவதுதான் நிஜமாகவே கனமானது.

ஆள் கிடைக்கவில்லையா, தங்கவில்லையா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கையின்படி, 2023-ல் உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள். பற்றாக்குறை 58 லட்சம். இருக்கும் செவிலியர்களில் 78 சதவீதம் பேர் இருப்பது, உலக மக்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்கள் வாழும் நாடுகளில். ஏழு செவிலியரில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை செய்கிறார். பணக்கார நாடு தன் பற்றாக்குறையை ஏற்றுமதி செய்துவிட்டு, ஏழை நாடு செலவழித்துப் படிக்கவைத்த ஆளை இறக்குமதி செய்கிறது. இதைக் கட்டுப்படுத்த 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நடத்தை விதி கொண்டுவந்தது. அது கட்டாயமல்ல, விருப்பம்.

பற்றாக்குறை என்ற சொல்லே பாதி உண்மையை மறைக்கிறது. உரிமம் வைத்திருந்தும் கட்டிலருகே வேலை செய்யாத செவிலியர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் புதிய கல்லூரிகளைத் திறந்துகொண்டே போகலாம். ஆள் குறைவதால் இருப்பவர் சுமை கூடுகிறது; சுமை கூடுவதால் இருப்பவரும் போகிறார். ஐக்கனின் 2002 ஆய்விலேயே, நோயாளி ஒருவர் கூடும்போது செவிலியர் மனத்தளவில் நொறுங்கிப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது.

சம்பளம் இங்கேதான் உள்ளே வருகிறது. இரவுப் பணி, முதுகுவலி, ஊசிக்குத்துக் காயம், நோயாளியின் உறவினர் கையில் வாங்கும் அடி, கட்டாய ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் ஈடாகாத சம்பளம் என்றால், அனுபவசாலி முதலில் கிளம்புவார். அவர் இடத்தைப் புதியவர் நிரப்பினால் எண்ணிக்கை சரியாகும். போர்வையை இழுப்பதைப் பார்த்ததும் பொறி தட்டும் கண் போய்விடும். ஆகவே "சம்பளமா, பாதுகாப்பா?" என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது. ஒன்று மற்றொன்றின் முன்கதை. போராடுபவர்களுக்குத் தங்கள் வயிறும் முக்கியம்தான். அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

செவிலியருக்காகப் பேசுவது யார்?

செய்திகளில் மூன்று விதமான அமைப்புகளின் பெயர்கள் மாறி மாறி வரும். மூன்றும் ஒன்றல்ல.

செவிலியர் கவுன்சில்: பதிவும் உரிமமும் தருவது, தவறு செய்தால் பறிப்பது. அது காக்க வேண்டியது பொதுமக்களை. செவிலியருக்காக வாதாடுவது அதன் வேலையே அல்ல.

தொழில்முறை அமைப்பு: கல்வி, தரம், நெறிமுறை, கொள்கை. 1899-ல் தொடங்கிய சர்வதேச செவிலியர் கவுன்சில், பெயரில் கவுன்சில் இருந்தாலும் உண்மையில் தேசிய அமைப்புகளின் கூட்டமைப்பு.

தொழிற்சங்கம்: சம்பளம், பணிநேரம், பாதுகாப்பு பற்றிப் பேரம் பேசுவது, தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்வது.

சில அமைப்புகள் இரண்டு தொப்பியையும் போட்டுக்கொள்ளும். ராயல் காலேஜ் அப்படித்தான். 1995 வரை வேலைநிறுத்தத்துக்கே அதன் விதிகளில் இடமில்லை. கலிபோர்னியாவிலோ, தொழில்முறை அமைப்பின் வேகம் போதவில்லை என்று மாநிலச் சங்கம் அதே 1995-ல் தேசிய அமைப்பிலிருந்து பிரிந்துபோனது. நான்கு வருடத்தில் விகிதச் சட்டம் வந்தது. 'சேவை' என்ற சொல்லுக்கும் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கும் இடையில் இந்தத் தொழில் நூறு வருடமாக ஊசலாடுகிறது. 1977-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு செவிலியர்களுக்கென்றே 149-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. சேவையைத் திட்டமிடுவதில் செவிலியரையும் கலந்து பேச வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. மற்ற தொழிலாளர்களைப்போலவே ஓய்வும் விடுப்பும் வேண்டும் என்பதையும் ஓர் உடன்படிக்கையில் எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வேலைநிறுத்தம் என்றால் வார்டு காலியாகும் என்ற அச்சம் பற்றி ஒரு வார்த்தை. 2022 டிசம்பரில் கீமோதெரபி, டயாலிசிஸ், தீவிர சிகிச்சை, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை ஆகியவை போராட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தன. எந்தப் பிரிவில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சங்கமும் நிர்வாகமும் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது வழக்கம். போராட்ட நாளுக்கு நிர்வாகம் கேட்கும் 'பாதுகாப்பான குறைந்தபட்சம்', சாதாரண நாளில் அந்த வார்டில் இருக்கும் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்கிறது என்று சங்கங்கள் குத்திக்காட்டுவதும் உண்டு.

"என்னால் முடியாது" என்று எழுதிக்கொடுப்பது

சங்கம் பேசுவது வேறு, ஷிப்டில் தனியாக நிற்பவர் பேசுவது வேறு. ஒன்பதாவது நோயாளியை ஏற்க மறுத்தால் கீழ்ப்படியாமை. ஏற்றுக்கொண்டு தவறு நடந்தால் அலட்சியம். செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்தும் செய்ய முடியாத நிலையில் வரும் வலிக்கு 'அறச்சங்கடம்' என்ற பொருள்படும் பெயரை ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற தத்துவ அறிஞர் 1984-ல் கொடுத்தார்.

இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபர்ட்ஷைர் மருத்துவமனை விவகாரம் இதன் உச்சம். செலவைக் குறைக்க ஆள்களைக் குறைத்தார்கள். நோயாளிகள் தண்ணீர் கேட்டுக் கிடைக்காமலும், அழுக்கான படுக்கையிலும் கிடந்தார்கள். 2013 பிப்ரவரியில் வெளியான ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகளைச் செய்தது. எச்சரித்த ஊழியர்கள் இருந்தார்கள். அவர்கள் குரல் மேலே போய்ச் சேரவில்லை. 2022-ல் அமெரிக்காவின் டென்னசியில், மருந்து மாறிக் கொடுத்ததால் நோயாளி இறந்த வழக்கில் ஒரு செவிலியர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. தவறைத் தானே உடனடியாக ஒப்புக்கொண்டவர் அவர். அலட்சியத்துக்குத் தண்டனை வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் ஒப்புக்கொண்டவர் சிறை வாசல்வரை போவதைப் பார்த்தபின், அடுத்த தவறை யார் வாய்விட்டுச் சொல்வார்கள் என்ற கேள்வி எழுந்தது.

இந்த இக்கட்டுக்குச் சங்கங்கள் கண்டுபிடித்த சிறிய கருவி ஒரு படிவம். அமெரிக்கச் செவிலியர்களிடம் அது பரவலாக உண்டு: ஆட்சேபணையோடு பணியை ஏற்கிறேன் என்ற அறிவிப்பு. தேதி, ஷிப்ட், வார்டு. இன்று எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள். எந்த வேலை விடுபடக்கூடும். எத்தனை மணிக்கு, எந்த மேலதிகாரியிடம் சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார். வேலையை மறுக்கவில்லை, ஆனால் பாரத்தைத் தனியாகச் சுமக்கவும் மறுக்கிறார். இப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான தாள்கள்தான் பின்னர் பேச்சுவார்த்தை மேசையில் ஆதாரமாகின்றன. எழுத ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை எட்டு நோயாளிக் கணக்கில் எங்கிருந்து எடுப்பது என்பது வேறு கேள்வி.

பிரான்சிஸ் அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தின் மருத்துவமனை வார்டுகளின் வாசலில் ஒரு பலகை வந்தது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு எண்கள்: இருக்க வேண்டிய செவிலியர்கள், இருக்கிற செவிலியர்கள். வருகிற போகிற உறவினர்கள் எவரும் நின்று படித்துவிட்டு உள்ளே போகலாம்.